மணிக்கு இருநூற்றுப் பதினாறு

பணியாளர் நிர்வாகம் என்று கதவில் எழுதியிருக்கிறது.
கதவுக்குப் பின்னால்
நான், இரும்பு அலமாரி ஒன்று,
பாதிக்கு மேல் வெங்காய மூட்டை.

திபிலிசியில், அவ்லாபரி மேட்டில் எங்கள் உணவகம்.
ஹின்காலிதான் பிரதானம்:
இறைச்சியும் சாறும் உள்ளே வைத்து
மடித்து மடித்துக் குடுமி முடிந்த மாவுப் பொட்டலம்.
குடுமியைப் பிடித்துத் தூக்கி
ஓரம் கடித்துச் சாறு உறிஞ்சியவர்கள்
குடுமியை மட்டும் தட்டில் விட்டுவிடுவார்கள்.
எத்தனை தின்றார்கள் என்பதற்கு அதுவே கணக்கு.
இந்த ஊரில் சாப்பாட்டைக்கூட எண்ணித்தான் மறக்கிறோம்.

ஆண்டு மதிப்பீட்டுப் படிவம், ஏழாம் கேள்வி:
'ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே காண்கிறீர்கள்?'
நனுலி மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தாள்.
'இதே இடத்தில்.
உட்கார்ந்து.'

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
நாற்பத்தொரு வயது.
முழங்காலுக்குக் கீழே நரம்பு
அவள் மடிப்பைவிடச் சிக்கலாக முடிச்சிட்டிருந்தது.
குறைகள் என்ற கட்டத்தில் எழுதினேன்: முக்காலி.

உட்கார்ந்தால் கை தூங்கிவிடும் என்றார் முதலாளி தாமாஸ்.
அளந்து காட்டு, பிறகு பேசு.

அளந்தேன்.
திங்கள் நின்றபடி. செவ்வாய் உட்கார்ந்தபடி,
வீட்டிலிருந்து நான் தூக்கிப்போன குளியலறை முக்காலியில்.
நின்றால் மணிக்கு இருநூற்றுப் பதினொன்று.
உட்கார்ந்தால் இருநூற்றொன்பது.

இரண்டு.
இரண்டு ஹின்காலி.
ஒரு குழந்தைகூட இரண்டோடு எழுந்திருக்காது.

அறிக்கையில் உட்கார்ந்தால் என்பதற்கு எதிரே
இருநூற்றுப் பதினாறு என்று எழுதினேன்.
பேனா தயங்கவே இல்லை, அதுதான் வியப்பு.

தாமாஸ் இரண்டு முறை படித்தார்.
மூன்று முக்காலிக்கு அன்றே ஆள் அனுப்பினார்.
நனுலிக்கு, ம்செவினாருக்கு, ஊமை எத்தேரிக்கு.
எனக்கொரு கைகுலுக்கலும் கிடைத்தது.
போகிற போக்கில் சொன்னார்:
'இனி இலக்கு இருநூற்றுப் பதினாறு. போட்டுவிடு.
குறைந்தால் ஊக்கத்தொகை கிடையாது.'

போட்டேன்.
என் கையெழுத்தில், என் முத்திரையில்,
கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டினேன்.
மூவரும் முக்காலியில் உட்கார்ந்தே
அண்ணாந்து படித்தார்கள்.

மணிக்கு ஏழு. எட்டு மணி நேரம். மூன்று பேர்.
நூற்று அறுபத்தெட்டு.
பொய்யின் எடையை இவ்வளவு துல்லியமாக
வேறெந்த வேலையிலும் கணக்கிட முடியாது.

அன்றிரவு ஷட்டரை இறக்கிவிட்டுச்
சமையலறையில் ஒரு விளக்கு மட்டும் போட்டேன்.
மீந்த மாவு, மீந்த இறைச்சி.
முக்காலி நல்ல உயரம்தான்.
நனுலிக்குப் பத்தொன்பது மடிப்பு வரும்,
எனக்குப் பதினொன்று, அதுவும் கோணலாக.
நள்ளிரவில் நூற்று அறுபத்தெட்டையும்
குளிர்ப்பெட்டியில் அவர்கள் தட்டுகளுக்கு நடுவே ஒளித்தேன்.
மறுநாள் ஆறாம் மேசைக்காரர்
சட்டையெல்லாம் சாறாக வந்து கத்தினார்.
புகார்ப் பதிவேட்டை வைத்திருப்பதும் நான்தானே.
தையல் பிரிந்தது, எழுதிக்கொண்டேன்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.
இருபது இரவு.

சம்பள நாளில் என் மேசையில் ஓர் உறை,
வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது.
உள்ளே கசங்கிய நோட்டுகள்,
நான் மாதாமாதம் அடித்துத் தரும் அதே சம்பளச் சீட்டின்
பின்பக்கத்தில் நனுலியின் கை:

மடித்தது 3360.
கிழிந்தது 702, விதிப்படி கழிக்கப்பட்டது.
ஒன்றுக்கு நான்கு டெட்ரி வீதம்
நூற்றாறு லரி, முப்பத்திரண்டு டெட்ரி.

கீழே மூன்று கையொப்பம்.
அதற்கும் கீழே, என் படிவத்தில் நான் விட்டிருப்பது போலவே,
ஒரு கோடு. காலியாக.
'பெற்றுக்கொண்டேன்.'